செயற்கைக்கோள் சேவையில் போட்டி: யார் அனுமதித்தார்கள், யார் தடுத்தார்கள், ஏன்?

கேள்வி இதுதான்: “வெளிநாட்டுச் செயற்கைக்கோள் நிறுவனம் ஒன்று ஒரு நாட்டுக்குள் சேவை கொடுக்க வந்தால் உரிமம், அலைக்கற்றை, பாதுகாப்பு அனுமதி என்று அரசு இத்தனை தடைகள் போடுவது ஏன்? நாலு நிறுவனங்கள் போட்டி போட்டால் விலை குறையும்தானே? சந்தையிடமே விட்டுவிட்டால் என்ன?”

விலை குறையும். குறைந்தும் இருக்கிறது. ஆனால் அரசு போடும் கட்டுப்பாடு எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில கட்டுப்பாடுகள் ஒருவர் அலைவரிசை இன்னொருவர் அலைவரிசையில் மோதாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. சில, ஆளில்லாத மூலைக்கும் சேவை போய்ச்சேர வேண்டும் என்பதற்காக. இன்னும் சில, ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருப்பவருக்கு நஷ்டம் வரக் கூடாது என்பதற்காக மட்டும். மூன்றும் சட்டத்தில் ஒரே மாதிரி வார்த்தைகளில்தான் எழுதப்பட்டிருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்க, 1962-இலிருந்து 2001 வரை நடந்த இன்டெல்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பின் கதையைத் தெரிந்துகொள்வதுதான் நல்ல வழி. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

1962 ஜூலையில் டெல்ஸ்டார் என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதைச் செய்தது அமெரிக்காவின் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.அண்ட்.டி. அமெரிக்கத் தொலைபேசித் தொழிலில் பெரும்பகுதி ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. விண்வெளியும் அதன் கைக்கே போய்விடுமோ என்ற பயம் வாஷிங்டனில் கிளம்பியது. செயற்கைக்கோள் தொழிலுக்கென்று தனி நிறுவனம் அமைக்க ஒரு மசோதா வந்தது. செனட்டில் ஒரு சாரார், இது மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த தொழில்நுட்பம், அரசிடமே இருக்க வேண்டும் என்று மசோதாவை நிறுத்தப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1927-க்குப் பிறகு முதல்முறையாக வாக்கெடுப்பு நடத்தி அந்த விவாதத்தை முடித்துவைக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 31 அன்று கென்னடி கையெழுத்திட்டார். அப்படிப் பிறந்ததுதான் காம்சாட் என்ற செயற்கைக்கோள் நிறுவனம். பங்குகளில் பாதி பொதுமக்களுக்கு, பாதி தொலைபேசி நிறுவனங்களுக்கு. இயக்குநர் குழுவின் 15 பேரில் 3 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். பெயருக்குத் தனியார் நிறுவனம். வேலை மட்டும் அரசுக் கொள்கையை நடத்திக் காட்டுவது.

அந்தச் சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. தேசிய நலனுக்குத் தேவைப்பட்டால் இதைத் தவிர வேறு செயற்கைக்கோள் அமைப்புகளும் அமைக்கப்படலாம் என்று அது சொன்னது. இருபது வருஷத்துக்கும் மேல் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு எல்லாமே அந்த ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

1964 ஆகஸ்டில் 11 நாடுகள் சேர்ந்து இன்டெல்சாட்டைத் தொடங்கின. உலகம் முழுவதுக்கும் ஒரே செயற்கைக்கோள் அமைப்பு. எல்லா நாடுகளும் அதில் பங்கு வைத்துக்கொள்ளலாம். முதல் ஒப்பந்தத்தில் காம்சாட்டின் பங்கு 61 சதவீதம். புதிதாக எத்தனை நாடுகள் சேர்ந்தாலும் அது 50.6 சதவீதத்துக்குக் கீழே இறங்காது என்று எழுதி வைத்தார்கள். 1965 ஏப்ரலில் இன்டெல்சாட்டின் முதல் செயற்கைக்கோளான ஏர்லி பேர்ட் மேலே போனது. 240 தொலைபேசி சர்க்யூட், அதாவது இருவழிப் பேச்சு இணைப்பு, இல்லாவிட்டால் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை. அதன் திறன் அவ்வளவுதான். ஐரோப்பியர்களுக்கு அமெரிக்காவின் இந்தப் பிடி பிடிக்கவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு நிரந்தர ஒப்பந்தம் 1971-இல் கையெழுத்தாகி 1973 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்களோ அவர்களுக்கு அவ்வளவு பங்கு என்று விதி மாறியது.

நம் விஷயத்துக்கு முக்கியமானது அந்த ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவு. உறுப்பு நாடு ஒன்று, அல்லது அந்த நாட்டின் நிறுவனம் ஒன்று, சர்வதேசப் பொதுத் தொலைத்தொடர்புக்கு இன்டெல்சாட்டை விட்டு வேறு செயற்கைக்கோளைப் பயன்படுத்த விரும்பினால், முதலில் இன்டெல்சாட்டிடம் வந்து கலந்து பேச வேண்டும். இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும். ஒன்று, தொழில்நுட்ப ரீதியாக இடையூறு இல்லை. இரண்டு, இன்டெல்சாட்டுக்குக் குறிப்பிடத்தக்க பொருளாதாரப் பாதிப்பு வராது. முதலாவது நியாயமானது, அதைக் கேட்காமல் இருக்க முடியாது. இரண்டாவதைக் கவனியுங்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர், தன்னால் பழையவருக்கு நஷ்டம் வராது என்று பழையவரிடமே போய் நிரூபிக்க வேண்டும். கூட்டத்தின் முடிவு சட்டப்படி பரிந்துரை மட்டுமே. இருந்தாலும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உட்கார்ந்து வேண்டாம் என்று சொன்ன பிறகு அதை மீறிச் செய்ய எந்த அரசு துணியும்?

இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் பாய்ந்தது என்பதற்கு ஒரு சம்பவம். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சேர்ந்து சிம்ஃபொனி என்ற செயற்கைக்கோளைக் கட்டின. ஏவ அமெரிக்க ராக்கெட்தான் இருந்தது. பரிசோதனைக்கு மட்டும் என்றால் ஏவித் தருகிறோம், வணிகச் சேவை நடத்தக் கூடாது என்று அமெரிக்கா நிபந்தனை போட்டது. காரணமாக இன்டெல்சாட் ஒப்பந்தத்தைக் காட்டியது. 1974 டிசம்பரில் அந்த நிபந்தனையோடுதான் சிம்ஃபொனி மேலே போனது. இதே சிம்ஃபொனியை வைத்துத்தான் 1977-79-இல் இஸ்ரோவும் தபால் தந்தித் துறையும் இந்தியாவில் தொலைத்தொடர்புச் சோதனைகள் நடத்தின. நமக்கு அதனால் லாபம். பிரெஞ்சுக்காரர்களுக்கோ அந்த நிபந்தனை ஆறாத புண். சொந்தமாக ஒரு ராக்கெட் இல்லாமல் காரியம் ஆகாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ராக்கெட்தான் ஏரியான். அது இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

இன்டெல்சாட்டைக் கெட்டவனாக மட்டும் காட்டினால் அது பொய்க் கதை. அது செய்த நல்ல காரியம் பெரியது. 1965-இல் ஒரு அரை சர்க்யூட்டுக்கு, அதாவது ஒரு நாட்டின் பக்கத்துப் பாதிக்கு, ஆண்டுக் கட்டணம் 32,000 டாலர். 1980-களின் தொடக்கத்தில் அது 4,680 டாலர். அதோடு, எந்தத் தடமானாலும் ஒரே கட்டணம். நியூயார்க்–லண்டன் தடத்தில் ஆயிரக்கணக்கான சர்க்யூட் ஓடும். ஏதோ ஒரு ஆப்பிரிக்க நாட்டுக்குப் பத்தோ இருபதோ ஓடும். இரண்டுக்கும் விலை ஒன்றுதான். கூட்டம் நிரம்பி வழியும் ரூட்டில் வரும் வசூலை வைத்து, பத்துப் பேர் ஏறும் கிராமத்து ரூட்டிலும் அரசுப் பேருந்தை ஓட்டுவது போன்ற ஏற்பாடு. இதனால்தான் ஏழை நாடுகள் கூட ஒரு தரை நிலையம் கட்டி, பழைய காலனி ஆட்சித் தலைநகரின் வழியாகப் போகாமல் நேரடியாகவே உலகத்தோடு பேச முடிந்தது. இந்தியாவுக்குப் புனே பக்கத்து ஆர்வி நிலையம், இலங்கைக்குப் பாதுக்கை நிலையம். ஒரு காலத்தில் வெளிநாட்டு அழைப்பு என்றால் அந்தப் பெரிய டிஷ்களில் ஒன்றின் வழியாகத்தான்.

அப்படியானால் சிக்கல் எங்கே? ஒரே ஆள் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தபால் தந்தித் துறையோ, அரசுத் தொலைபேசி நிறுவனமோதான் இன்டெல்சாட்டின் பங்குதாரர். அதன் வாடிக்கையாளரும் அதுவே. இன்னொரு செயற்கைக்கோளின் சமிக்ஞை நாட்டுக்குள் இறங்க அனுமதி கொடுக்க வேண்டியதும் அதுவே. போட்டி வந்தால் தன் வருமானம் குறையும் என்று தெரிந்த ஒருவரிடம் போட்டிக்கு அனுமதி கேட்டால் என்ன பதில் வரும்? அமெரிக்காவில் காம்சாட்டின் நிலையும் ஏறக்குறைய இதுதான். இன்டெல்சாட்டை அணுக அது ஒன்றே வாசல். அந்த வாசலிலும் எல்லோரும் நுழைய முடியாது. 1966-இல் எஃப்.சி.சி., அதாவது அங்குள்ள கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், காம்சாட் பொதுவாகத் தொலைபேசி நிறுவனங்களுக்குத்தான் விற்க வேண்டும், நேரடியாகப் பயனாளிக்கு விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. நடுவில் இருப்பவர் தன் லாபத்தைச் சேர்த்துத்தான் விற்பார். செயற்கைக்கோள் கட்டணம் குறைந்த அளவுக்கு மக்களின் தொலைபேசிக் கட்டணம் குறையாததற்கு இது ஒரு காரணம்.

1983 மார்ச்சில் ஓரியன் என்ற சிறிய நிறுவனம், அட்லாண்டிக் கடலுக்கு மேல் தனியார் செயற்கைக்கோள் வைக்க எஃப்.சி.சி.யிடம் விண்ணப்பித்தது. அடுத்தடுத்து இன்னும் சிலர் வந்தார்கள். வாஷிங்டனில் அரசுத் துறைகளுக்குள்ளேயே சண்டை. வணிகத் துறைக்குப் போட்டி வேண்டும். வெளியுறவுத் துறைக்கோ, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளோடு தாங்களே முன்நின்று கட்டிய ஓர் அமைப்பைத் தாங்களே உடைப்பதா என்ற தயக்கம். இன்டெல்சாட் தலைமை இயக்குநர் ரிச்சர்ட் கொலினோ கடுமையாக எதிர்த்தார்: தனியார்கள் கொழுத்த அட்லாண்டிக் தடத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்கள், ஒரே கட்டண முறை உடையும், அடி ஏழை நாடுகளுக்கு விழும். வளரும் நாடுகள் பலவும் இதையே சொன்னன. அவர்களுடைய பயம் நேர்மையான பயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இதே காலத்தில் ஐரோப்பிய அரசுகள் தங்களுக்கென யூடெல்சாட்டையும் அரபு நாடுகள் அரப்சாட்டையும் நடத்தத் தொடங்கியிருந்தன. இந்தோனேசியாவின் பலாபா 1976-இலிருந்தே மேலே இருந்தது. அவை 14-ஆம் பிரிவைத் தாண்டி வந்துவிட்டன. அரசின் செயற்கைக்கோள் என்றால் பாதிப்பு தாங்கக்கூடியது, தனியார் செயற்கைக்கோள் என்றால் தாங்க முடியாதது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கொலினோவும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1986 டிசம்பரில் பதவி நீக்கப்பட்டார். தலைமையகக் கட்டடம் தொடர்பான மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மறு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஏழை நாடுகளுக்காகப் பேசிய குரலின் மதிப்பு அதோடு சரிந்தது அந்த நாடுகளுக்குத்தான் நஷ்டம்.

1984 நவம்பர் 28 அன்று ரீகன் முடிவை அறிவித்தார்: தனி அமைப்புகள் தேசிய நலனுக்குத் தேவை. 1962 சட்டத்தின் அந்தப் பழைய வாசகம் உயிர்பெற்றது. முழுக் கதவும் திறக்கவில்லை. இரண்டு நிபந்தனைகள். முதலாவது, தனியார்கள் செயற்கைக்கோளில் உள்ள திறனை விற்கலாம் அல்லது நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம். ஆனால் பொதுத் தொலைபேசி வலையமைப்போடு அதை இணைக்கக் கூடாது. இரண்டாவது, குறைந்தபட்சம் ஒரு வெளிநாட்டு அரசாவது அதை அனுமதித்து, அமெரிக்காவோடு சேர்ந்து இன்டெல்சாட்டிடம் 14-ஆம் பிரிவின்படி கலந்து பேச வேண்டும். 1985-இல் எஃப்.சி.சி. இதையே விதிகளாக்கியது.

முதல் நிபந்தனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நியூயார்க்கில் ஒரு வங்கி, பெருவின் தலைநகர் லிமாவில் அதன் கிளை. இரண்டுக்கும் நடுவே வங்கி ஒரு தனி இணைப்பைக் குத்தகைக்கு எடுக்கிறது. கணக்கு விவரங்களை அனுப்பலாம், ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அதே லிமா அலுவலகத்தின் பி.பி.எக்ஸ்., அதாவது அலுவலகத்துக்குள் இருக்கும் தொலைபேசி இணைப்பகம், வழியாக ஓர் உள்ளூர் எண்ணுக்கு அழைப்பைத் தள்ளிவிட்டால்? அது இப்போது பொதுத் தொலைபேசி அழைப்பு, தடை. சமிக்ஞை ஒன்றுதான், செயற்கைக்கோள் ஒன்றுதான், கம்பி எங்கே போய் முடிகிறது என்பதில்தான் வித்தியாசம். தொழில்நுட்பத்தில் இதற்கு எந்த அவசியமும் கிடையாது. இன்டெல்சாட்டின் வருமானம் பெரும்பாலும் தொலைபேசியிலிருந்து வந்தது. அதைத் தொடாமல் மீதியைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். தொலைக்காட்சி, வங்கி, செய்தி நிறுவனம் போன்ற வாடிக்கையாளர்கள் தனியாருக்கு, தொலைபேசி பழைய கைக்கு. கருத்து வேறுபாடுகளுக்கு நடுவே ஓர் அரசு எடுக்கக்கூடிய முடிவு என்ற அளவில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது பயனாளியைக் காக்கும் விதி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை இன்னும் கடினம். ஒரு வெளிநாடாவது வேண்டுமே! ரெனே அன்செல்மோ என்பவர், அமெரிக்காவில் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி வலையமைப்பை நடத்தியவர், 1984-இல் பான்அம்சாட் என்ற தனியார் செயற்கைக்கோள் நிறுவனத்தைத் தொடங்கினார். லத்தீன் அமெரிக்காவுக்கு நிகழ்ச்சிகளை அனுப்புவதில் இருந்த செலவும் இழுபறியும் அவருக்கு அத்துப்படி. ஐரோப்பியக் கதவுகள் மூடியிருக்க, முதலில் கை கொடுத்த நாடு பெரு. கலந்து பேசும் சடங்கெல்லாம் முடிந்து, 1988 ஜூன் 15 அன்று பான்அம்சாட்டின் முதல் செயற்கைக்கோள் பி.ஏ.எஸ்.-1 மேலே போனது. எந்த ராக்கெட்டில்? ஏரியான்-4-இன் முதல் பயணத்தில். முதல் பயணம் என்பதால் ஆபத்து அதிகம், கட்டணமும் அதனால் குறைவு. இன்டெல்சாட்டுக்குப் பாதிப்பு வரக் கூடாது என்று சிம்ஃபொனிக்கு நிபந்தனை போட்டதால் வேகம் பிடித்த ராக்கெட் திட்டம், இன்டெல்சாட்டின் முதல் தனியார் போட்டியாளரைத் தூக்கிக்கொண்டு போனது.

மேலே போனதும் பிரச்சினை தீரவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் இறங்க ஒவ்வோர் அனுமதி. அன்செல்மோ தன் நாயின் கேலிச்சித்திரத்தைப் போட்டு, அதிகாரிகளை நேரடியாகத் திட்டி, முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்தார். 1989-இல் காம்சாட் மீது ஏகபோகத் தடுப்பு வழக்கும் தொடுத்தார். இன்டெல்சாட்டில் அமெரிக்காவின் பிரதிநிதியாகக் காம்சாட் செய்த காரியங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் கூறிவிட்டது. நான் மேலே சொன்ன மூன்று நாற்காலிச் சிக்கலை இந்தத் தீர்ப்பு போல வேறெதுவும் காட்டாது. வணிகத்தில் போட்டியாளர், அரசின் பிரதிநிதி என்ற முறையில் சட்டத்துக்கு அப்பால். 1983-இல் முதலில் விண்ணப்பித்த ஓரியனின் முதல் செயற்கைக்கோள் 1994 நவம்பரில்தான் ஏவப்பட்டது. சிறிய நிறுவனத்துக்குப் பதினோரு வருஷக் காத்திருப்பு எவ்வளவு பெரிய செலவு என்று யோசித்துப் பாருங்கள்.

தொலைபேசித் தடை மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1990-ஐ ஒட்டி, செயற்கைக்கோள் ஒன்றுக்கு 100 சர்க்யூட் வரை பொதுத் தொலைபேசியோடு இணைக்கலாம் என்று விட்டார்கள். பிறகு 1,250. 1997 தொடக்கத்தில் வரம்பே எடுக்கப்படும் என்று அமெரிக்க அரசு முன்கூட்டியே, 1991-இலேயே, அறிவித்தது. கால அட்டவணை போட்டு, எல்லோருக்கும் தெரியச் சொல்லி, படிப்படியாகத் திறந்த இந்த முறையை நான் மெச்சுகிறேன். பழையவருக்குச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைத்தது. புதியவருக்கு வங்கியில் கடன் கேட்க ஓர் ஆதாரம் கிடைத்தது.

இத்தனை வருஷம் தனியார் செயற்கைக்கோளைக் கண்டு பயந்தார்களே, தொலைபேசி வருமானத்தை உண்மையில் அடித்துக்கொண்டு போனது கடலுக்கு அடியில் கிடந்தது. 1988 டிசம்பரில் டி.ஏ.டி.-8, அட்லாண்டிக்கின் முதல் கண்ணாடி இழைக் கேபிள், வேலைக்கு வந்தது. ஒரே நேரத்தில் 40,000 அழைப்புகள். செயற்கைக்கோளில் பேசினால் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச்சேரக் கால் நொடி ஆகும். கேபிளில் அந்த இடைவெளி இல்லை. அதற்கு முன்பு வரை, ஏ.டி.அண்ட்.டி. தன் அழைப்புகளில் எவ்வளவைக் கேபிளிலும் எவ்வளவைச் செயற்கைக்கோளிலும் அனுப்ப வேண்டும் என்பதற்குக் கூட எஃப்.சி.சி. பங்கீடு வைத்திருந்தது. அந்தப் பங்கீட்டையும் அதே 1988-இல் கைவிட்டார்கள்.

நம் பக்கத்துக்கு இந்தப் போட்டி தொலைக்காட்சி வடிவில் வந்தது. 1990-இல் ஏவப்பட்ட ஏஷியாசாட்-1 வழியாக ஸ்டார் டி.வி. வந்தது. 1995 ஆகஸ்டில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பி.ஏ.எஸ்.-4 வந்தது. தெருக்கோடி கேபிள்காரர் மொட்டைமாடியில் ஒரு டிஷ் வைத்தார். பார்ப்பதை அரசால் தடுக்க முடியவில்லை. அனுப்புவதை மட்டும் தடுத்தது. இந்திய மண்ணிலிருந்து தனியார் சானல்கள் செயற்கைக்கோளுக்கு ஏற்றக் கூடாது. அதனால் நிகழ்ச்சியை இங்கே எடுத்து, டேப்பை விமானத்தில் ஹாங்காங்குக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பி, அங்கிருந்து மேலேற்றி, மறுபடி இங்கேயே இறக்கினார்கள். தொழிலும் அந்நியச் செலாவணியும் வெளியே போயின. பார்ப்பவர் எப்படியும் பார்த்தார். 1990-களின் கடைசியில்தான் அந்தத் தடை தளர்ந்தது. யாரையும் காப்பாற்றாத கட்டுப்பாடு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு கோணமும் இருக்கிறது: இடம். புவிநிலைப் பாதையில், அதாவது பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் செயற்கைக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் உயரத்தில், எங்கே வேண்டுமானாலும் செயற்கைக்கோளை வைத்துவிட முடியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் ஒரு நாடுதான் பதிவு செய்ய வேண்டும். முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை. 1976-இல் கொலம்பியா, ஈக்வடார், கென்யா, இந்தோனேசியா உட்பட எட்டு நிலநடுக்கோட்டு நாடுகள் பொகோட்டாவில் கூடி, எங்கள் தலைக்கு மேல் உள்ள பாதை எங்களுடையது என்று அறிவித்தன. மற்ற நாடுகள் ஏற்கவில்லை. 1980-களின் கடைசியில் பசிபிக்கின் டோங்கா என்ற குட்டித் தீவு நாடு 16 இடங்களுக்கு விண்ணப்பித்தது. சொந்தமாக ஒரு செயற்கைக்கோளும் கிடையாது. இடத்தை வாடகைக்கு விடுவதுதான் திட்டம். இன்டெல்சாட் கடுமையாக எதிர்த்தது. கடைசியில் டோங்காவுக்கு ஆறு இடம் கிடைத்தது. ‘காகிதச் செயற்கைக்கோள்’ என்ற பேச்சு அப்போதுதான் சூடு பிடித்தது. பதிந்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விதிகள் இறுகியது இதனால்தான். இன்று ஆயிரக்கணக்கில் ஏவும் நிறுவனங்களுக்கும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சி உண்டு: பதிவுக்கான முதல் ஏழு ஆண்டுகள் முடிந்த பிறகு 2 ஆண்டில் 10 சதவீதம், 5 ஆண்டில் பாதி, 7 ஆண்டில் முழுவதும் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை சுருங்கும். இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு போட்டியாளரைத் தடுப்பதற்கு எதிரான விதி இது. இந்த வகைக் கட்டுப்பாடு தளரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1997 பிப்ரவரியில் உலக வணிக அமைப்பில் 69 அரசுகள் தொலைத்தொடர்புச் சந்தையைத் திறக்க ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு இன்டெல்சாட் என்ற பழைய வடிவத்தைப் போட்டியாளர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. வரிவிலக்கும் சட்டப் பாதுகாப்பும் உள்ள ஓர் அரசுகள் கூட்டமைப்போடு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது என்று கேட்டார்கள். 1998-இல் இன்டெல்சாட் ஐந்து செயற்கைக்கோள்களைப் பிரித்து நியூ ஸ்கைஸ் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2000 மார்ச்சில் கிளின்டன் கையெழுத்திட்ட ஆர்பிட் சட்டம், தனியார்மயமாகாவிட்டால் அமெரிக்கச் சந்தையில் இன்டெல்சாட்டுக்குத் தடைகள் வரும் என்று கெடு வைத்தது. காம்சாட்டை லாக்ஹீட் மார்ட்டின் வாங்கியது. 2001 ஜூலை 18 அன்று இன்டெல்சாட் சாதாரண நிறுவனமாகியது. முன்பு உறுப்பினராக இருந்த தொலைபேசி நிறுவனங்கள் பங்குதாரர்களாயின; அவற்றில் இந்தியாவின் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனமான வி.எஸ்.என்.எல்.லும் ஒன்று. ஏழை நாடுகளின் இணைப்பு அறுந்துவிடாமலும், அவர்களுக்கான கட்டணம் எகிறாமலும் பார்த்துக்கொள்ள ஐ.டி.எஸ்.ஓ. என்ற சிறிய அரசு அமைப்பு மிச்சம் வைக்கப்பட்டது. என் பெரிய குறை இங்கேதான். ஒரே கட்டண முறைக்குள் மறைந்திருந்த உதவியை வெளியே எடுத்து, ஆண்டுக்கு இவ்வளவு, இந்தந்த நாட்டுக்கு, இன்னின்னார் கொடுப்பார்கள் என்று வெளிப்படையான நிதியாக 1984-இலேயே அமைத்திருக்கலாம். செய்யவில்லை. பதினேழு வருஷம் கழித்துப் பழைய ஒப்பந்தங்களைக் கொஞ்ச காலம் காப்பாற்றும் ஏற்பாட்டோடு முடித்துக்கொண்டார்கள்.

ஆர்பிட் சட்டத்தில் இன்னொரு பிரிவு இன்றைய இந்திய விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும். சர்வதேசச் செயற்கைக்கோள் சேவைக்கான சுற்றுப்பாதை இடங்களையும் அலைக்கற்றையையும் எஃப்.சி.சி. ஏலம் விடக் கூடாது என்று அது சொல்கிறது. காரணம் எளிது. ஒரு செயற்கைக்கோளின் கதிர் பல நாடுகளின் மீது விழும். ஒவ்வொரு நாடும் தனித்தனியாக ஏலம் போட்டால், எல்லா ஏலத்திலும் ஜெயிப்பவர்தான் சேவை நடத்த முடியும். பணபலம் உள்ள ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். இந்தியாவிலும் ஏலமா, ஏலமில்லாமல் அரசே நேரடியாகக் கொடுக்கும் நிர்வாக ஒதுக்கீடா என்று பெரிய சண்டை நடந்தது. தரையில் ஏலத்தில் பணம் கொட்டிய செல்போன் நிறுவனங்கள், செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கும் அதே விதி வேண்டும் என்றன. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் செயற்கைக்கோள் சேவைகளை நிர்வாக ஒதுக்கீட்டுப் பட்டியலில் வைத்தது. 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வருவாயில் 4 சதவீதம் கட்டணமாக வாங்கலாம் என்று பரிந்துரைத்தது. ஏலம் வேண்டாம் என்ற முடிவு சரி என்பதே என் எண்ணம். ஆனால் செல்போன் நிறுவனங்கள் கேட்பதை வெறும் பொறாமை என்று தள்ளிவிடக் கூடாது. நகரத்துக்குள் ஒரே வாடிக்கையாளருக்காக இருவரும் மோதினால், கட்டணச் சுமை சமமாக இருக்கிறதா என்று ஆணையம் பார்த்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். சந்தையிடமே விட்டுவிட்டால் என்ன என்றீர்கள். விட்ட பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 2006-இல் இன்டெல்சாட் 3.2 பில்லியன் டாலர் கொடுத்துப் பான்அம்சாட்டையே வாங்கிவிட்டது. அதே ஆண்டு நியூ ஸ்கைஸை லக்சம்பர்க்கின் எஸ்.இ.எஸ். வாங்கியது. 2020-இல் இன்டெல்சாட் திவால் பாதுகாப்புக் கேட்டது. 2025 ஜூலையில் அதையும் எஸ்.இ.எஸ். வாங்கி முடித்தது. ஏகபோகம், அதை உடைக்க வந்த போட்டியாளர், அதிலிருந்து பிரித்துக் கொடுத்த நிறுவனம், மூன்றும் இன்று ஒரே வீட்டில். இந்த இணைப்புகளுக்கு ஒழுங்குமுறை ஆணையங்கள் அனுமதி கொடுத்தன, ஏனென்றால் கேபிளும், பூமிக்கு அருகில் சுற்றும் தாழ்பாதைச் செயற்கைக்கோள்களும் போதிய போட்டி தருகின்றன என்று கருதின. அந்தத் தாழ்பாதையில் இப்போது ஒரே நிறுவனத்தின், ஸ்டார்லிங்க் சேவையை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸின், கை வெகுவாக ஓங்கியிருக்கிறது. அதுவே ராக்கெட்டும் வைத்திருக்கிறது, போட்டியாளர்களின் செயற்கைக்கோள்களையும் அதுவே ஏவித் தருகிறது.

அதனால் ஸ்டார்லிங்க் மாதிரி ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கப்படும்போது நான் பார்ப்பது இவற்றை: அனுமதி கொடுக்கும் அமைப்புக்கு அதே தொழிலில் பங்கு இருக்கிறதா? இடையூறு தவிர்க்கும் விதியும், பழையவரின் வருமானத்தைக் காக்கும் விதியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா? மலைக்கிராமத்துக்கும் தீவுக்கும் சேவை வேண்டும் என்றால், அதற்கான பணம் யாரிடமிருந்து எவ்வளவு என்று கணக்கில் தெரிகிறதா? இரண்டாவதாக வரப்போகும் நிறுவனத்துக்கு அலைக்கற்றையில் இடம் மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறதா? இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கொடுத்தார்கள். இலங்கையில் 2025 ஜூலையில் சேவையே தொடங்கிவிட்டது. இரண்டு நாட்டு உரிம நிபந்தனைகளையும் இந்த நான்கு கேள்விகளோடு வைத்துப் படியுங்கள். நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.